விசிறி நின்ற விளக்கு

"உன் விளக்கு நல்லாத்தான் எரியுது. ஆடுதான் ஒண்ணொண்ணா சாகுது. வந்து பாத்துட்டுப் போ."

அக்கா இவ்வளவுதான் சொன்னாள். சாப்பிட்டாயா, தூங்கினாயா என்ற வழக்கமான விசாரணை எதுவும் இல்லை. பதில் வருவதற்குள் போனை வைத்துவிட்டாள்.

ஊசிக்காரி கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு ஆபீஸ் டிரைவரைக் கூப்பிட்டாள். ஊசிக்காரி என்பது அத்தான் வைத்த பெயர். வேலையில் சேர்ந்த புதிதில், கால்நடை வைரஸ் ஆராய்ச்சி, அதிலும் பூச்சி கடித்துப் பரவும் வைரஸ் என்று அவள் மூச்சுவிடாமல் விளக்கியபோது, கடைசிவரை பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்த அத்தான், "ஆக மொத்தம் ஊசிக்காரி" என்று முடித்துவைத்தார். முப்பது வருஷமாக அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. வெளிநாட்டு மாநாடுகளில் அவள் மேடையேறினால் எழுந்து நிற்கிறவர்கள் உண்டு. அக்கா வீட்டு வாசலில் அவள் ஊசிக்காரிதான். அதில் அவளுக்கு உள்ளூர ஒரு பெருமையும் இருந்தது. கல்யாணம் செய்துகொள்ளாமல் போனதற்கு ஆடும் மாடும்தான் காரணம் என்று அக்கா சொல்வாள். இவளைக் கேட்டால் வேறு காரணம் சொல்வாள். அது இந்தக் கதைக்கு வேண்டாம்.

ஜீப்பில் உட்கார்ந்ததுமே அவளுக்கு நோய் என்னவென்று தெரிந்துவிட்டது. மழை முடிந்து சேறு காயாத காலம். செம்மறி ஆடு. சாவு வேறு. நீலநாக்குதான். வேறொன்றாக இருக்கட்டும் என்று வழியெல்லாம் வேண்டிக்கொண்டு போனாள், அதுவும் நிஜம்.

நீலநாக்கு காற்றில் வராது. தண்ணீரில் வராது, பக்கத்தில் நின்றாலும் ஒட்டாது. கடுகில் பாதிகூட இல்லாத ஒரு பொடிக்கொசு நோயுள்ள ஆட்டைக் கடித்துவிட்டு வந்து நல்ல ஆட்டைக் கடித்தால்தான் வரும். ஆகவே கொசு இருக்கிறதா இல்லையா என்று பார்ப்பதுதான் இந்த வேலையில் பாதி. அதற்கென்று ஒரு பொறி உண்டு. மேலே ஊதா வெளிச்சம் தரும் ஒரு விளக்கு. அதற்கடியில் உள்ளங்கை அகலத்தில் ஒரு விசிறி. அதற்கும் கீழே வலை, வலையின் நுனியில் ஸ்பிரிட் ஊற்றிய பாட்டில். பொழுது சாய்ந்ததும் விளக்கு தானாக எரியும். வெளிச்சத்தைப் பார்த்துக் கொசு வரும், விசிறி உள்ளே இழுக்கும், பாட்டிலில் விழுந்து சாகும். வாரம் ஒருமுறை ஆபீஸ் பையன் வந்து பாட்டிலை மாற்றிக்கொண்டு போவான். எத்தனை கொசு, என்ன ஜாதி என்று பூச்சிப் பிரிவில் எண்ணிச் சொல்வார்கள்.

வாய்க்காலோரத்து ஆட்டுக்காரர்கள் அத்தனை பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு பொறிதான் ஒதுக்கினார்கள். வீட்டு மின்சாரத்தில் அரசாங்க விளக்கா என்று ஒவ்வொருவரும் நழுவினார்கள். ஊசிக்காரி நேரே அக்கா வீட்டுக் கொட்டகைக்குப் போய், ஆடுகளுக்கு மேலே உத்தரத்தில் கட்டித் தொங்கவிட்டாள். அக்கா மறுக்க மாட்டாள் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் கிடையாது. போகும்போது ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனாள். "எது நடந்தாலும் விளக்கை மட்டும் அணைச்சிடாதீங்க."

இந்த மழைக்கு முன்னால் தடுப்பூசிக் கூட்டம் நடந்தது. மருந்து பற்றாக்குறை, எந்தப் பகுதியை விடலாம் என்று இயக்குநர் கேட்டார். வாய்க்காலோரத்து பாட்டில் வாரக்கணக்கில் காலியாக வருகிறது, அங்கே கொசுவே இல்லை என்றார்கள் பூச்சிப் பிரிவினர். உடனே அந்தப் பகுதியைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டார்கள். ஊசிக்காரிக்கு மனசு கேட்கவில்லை. சேறும் சகதியுமாகக் கிடக்கிற இடத்தில் ஒரு கொசுகூடவா இல்லை என்று எழுந்து கேட்டாள். "இல்லைன்னா சந்தோஷப்படுங்கம்மா" என்றார் இயக்குநர். எல்லோரும் சிரித்தார்கள். ஆய்வுக்கூடத்தில் வைரஸ் செலுத்தி வைத்த கோழிமுட்டைகள் அவளுக்காகக் காத்திருந்தன. உட்கார்ந்துவிட்டாள்.

அக்கா வீட்டுக்கு முன்னால் ஜீப் நின்றபோது வாசலில் யாரும் இல்லை. கொட்டகைக்குப் பின்னால் அத்தான் மண்வெட்டியோடு நின்றார். செத்த ஆடுகளை அன்றன்றே சுண்ணாம்பு போட்டுப் புதைத்துவிட்டதாகச் சொன்னார். "வா டாக்டரம்மா" என்றார். கேலி செய்வதற்கு மட்டுமே அவர் வைத்திருந்த வார்த்தை அது. இன்றைக்கு அதில் கேலி இல்லை.

உள்ளே நுழைந்ததும் வாடை அடித்தது. முகம் வீங்கிக் கண் இடுங்கிய ஆடுகள். மூக்கில் சளி காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தது. வாயெல்லாம் நுரை. ஒரு கிடா குளம்பை ஊன்ற முடியாமல் முட்டி போட்டு நின்றுகொண்டு, அப்படியும் தீவனத் தொட்டிப் பக்கம் தலையை நீட்டியது. ஊசிக்காரி அதன் வாயைத் திறந்து பார்த்தாள். நாக்கு தடித்து நாவல்பழம் தின்ற மாதிரி இருந்தது. புத்தகத்தில் இருப்பது போலவே இருக்கிறது என்று ஒரு கணம் நினைத்தாள், உடனே தன் மேலேயே வெறுப்பு வந்தது.

அக்கா நிமிரவில்லை. ஒரு சினையாட்டின் தலையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, குழாய் செருகிய பாட்டிலால் கஞ்சி புகட்டிக்கொண்டிருந்தாள். சேலையெல்லாம் எச்சிலும் கஞ்சியும். அவள் தூங்கிப் பல நாள் ஆகியிருக்கும் என்பது பார்த்தாலே தெரிந்தது. தீவனம் தின்னும் வாய் புண்ணாகிவிட்டால் ஆடு பட்டினியிலேயே செத்துவிடும். அந்த விஷயத்தை அக்காவுக்கு யாரும் சொல்லித்தரவில்லை, கண்ணால் பார்த்தே கண்டுபிடித்திருந்தாள்.

ஊசிக்காரி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வேலையில் இறங்கினாள். வாய்களைக் கழுவினாள், புண்ணுக்கு மருந்து தடவினாள், வலிக்கும் காய்ச்சலுக்கும் மருந்து கொடுத்தாள். ரத்தம் எடுப்பதை மறுநாள் காலைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள். டிரைவர்கூடச் சொல்லாமலே தண்ணீர் சுமந்து கொடுத்தார். பொழுது மெல்லச் சாய்ந்தது.

தலைக்கு மேலே ஊதா விளக்கு எரிந்தது.

வேலை மும்முரத்தில் அவள் முதலில் கவனிக்கவில்லை. கழுத்தில் சுருக்கென்றது. தட்டினாள். புருவத்தில், காதோரத்தில், மணிக்கட்டில் என்று வரிசையாகச் சுருக்கென்றது. நிமிர்ந்து பார்த்தாள். விளக்கைச் சுற்றிக் கருந்தூள் பறப்பது போலப் பொடிக்கொசு மொய்த்தது. ஆடுகளின் வீங்கிய முகங்களில், காதுகளில், மயிரில்லாத வயிற்றில் அந்தத் தூள் வந்து வந்து இறங்கியது. அவள் காது கொடுத்துக் கேட்டாள். விளக்கு எரிந்தால் கூடவே கேட்க வேண்டிய அந்த 'ர்ர்' சத்தம் இல்லை. விசிறி அசையவில்லை. கையை நீட்டி வலையைத் தடவினாள். பாட்டில் சுத்தமாக இருந்தது.

ஓடிப்போய் சுவிட்சை அணைத்தாள். இருட்டில் அக்காவின் குரல் மட்டும் வந்தது.

"அணைக்காதன்னு சொன்னது நீதானே?"

அத்தான் வேறொரு பல்பைப் போட்டார். விசிறி எப்போது நின்றது என்று ஊசிக்காரி கேட்டாள்.

"அது மழைக்கு முன்னாடியே நின்னுடுச்சு" என்றார் அத்தான். "பாட்டில் எடுக்க வர்ற பையன்கிட்ட சொன்னேன். மேல சொல்றேன்னான். ஆபீசுக்கும் போன் போட்டேன். ஆள் வரும்னாங்க. வர்றவன் பகல்ல வர்றான், விளக்கு ராத்திரி எரியுது, அவன் என்னத்தைப் பாப்பான்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அத்தான்."

அத்தான் அக்காவைப் பார்த்தார். "சொல்லலாம்னுதான் நான் சொன்னேன். உங்கக்காதான் வேண்டாம்னா. சொந்தக்காரங்க சலுகை கேக்கறாங்கன்னு உன் ஆபீஸ்ல பேச்சு வந்துடக் கூடாதாம். விளக்குதானே முக்கியம், அது எரியுதே, விசிறி மெதுவா வரட்டும்னா. நீயும் விளக்கைத்தானே சொல்லிட்டுப் போன." கொஞ்சம் தயங்கிவிட்டு, நல்ல சேதி சொல்பவர் மாதிரி சேர்த்துக்கொண்டார். "கரண்ட் போன அன்னைக்குக்கூட டிராக்டர் பேட்டரியைக் கழட்டி மாட்டிட்டேன். ஒரு ராத்திரி நிக்கவிடல."

ஊசிக்காரிக்கு ஆத்திரம் வந்தது. ஆபீஸ் மேல், பூச்சிப் பிரிவு மேல், சிரித்த அந்தக் கூட்டத்தின் மேல், எழுந்து கேட்டுவிட்டு உட்கார்ந்துவிட்ட தன் மேல். சொல்லாமல் விட்டுவிடலாமா என்றுகூடத் தோன்றியது. இவர்களுக்கு எப்படித் தெரியப் போகிறது? ஆனால் அக்கா கஞ்சிப் பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு இவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சின்ன வயதிலிருந்தே அந்தப் பார்வைக்கு முன்னால் இவளுக்குப் பொய் சொல்ல வந்ததில்லை.

"விசிறி ஓடாம இந்த விளக்கு எரிஞ்சா அது பொறி இல்லக்கா" என்றாள். "சுத்துவட்டாரத்துக் கொசுவையெல்லாம் கூப்பிட்டுக் கூப்பிட்டு உன் ஆட்டு மேல இறக்கி விட்டிருக்கு. பாட்டில்ல ஒண்ணும் விழல. அதனால இங்க கொசுவே இல்லைன்னு முடிவு பண்ணி ஊசியையும் நிறுத்திட்டாங்க."

"திரும்பச் சொல்லு."

திரும்பச் சொன்னாள். அத்தான் அப்படியே சுவரோரம் உட்கார்ந்துவிட்டார்.

அக்கா கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "பேட்டரி போட்டு எரிய வெச்சோமேடி" என்றாள். பிறகு தரையில் கிடந்த மருந்துப் பெட்டியை எடுத்து ஊசிக்காரியின் கையில் கொடுத்தாள். "இனிமே என் ஆட்டு மேல ஊசி குத்தாத. ஒரு சொட்டு ரத்தம் எடுக்கக் கூடாது. வெளிய போ."

வெளியே வந்து ஜீப்பில் சாய்ந்துகொண்டு இயக்குநருக்குப் போன் போட்டாள். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். வாய்க்காலோரம் முழுக்க நாளைக்கே ஊசி வர வேண்டும் என்றாள். அந்தப் பக்கம் டம்ளர் வைக்கிற சத்தம் கேட்டது. அவர் நிதானமாகப் பேசினார். அவர் எப்போதும் நிதானமாகத்தான் பேசுவார்.

"சந்தையில கெடா வாங்கினாங்களாமே உங்க அத்தான்?"

அது போன கோடையில் வாங்கியது, இந்த நோய் அத்தனை மாதம் ஒளிந்துகொண்டு உட்காராது என்றாள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வாங்கின கிடாவோடு நோய் வந்தது, மந்தை முழுவதையும் அழித்தோம், பரவாமல் தடுத்தோம் என்று எழுதினால் விஷயம் முடிந்தது, யார் தலையும் உருளாது என்றார். அவள் கையெழுத்து மட்டும் வேண்டுமாம். கொசு பரப்பும் நோய்க்கு ஆட்டைக் கொன்று என்ன பிரயோஜனம், கொசு அடுத்த வீட்டு ஆட்டுக்குப் போகும் என்று அவள் குரலை உயர்த்தினாள்.

"நீங்க சத்தம் போடறதுல அர்த்தம் இல்லைம்மா. அரசாங்கப் பொறியை சொந்த அக்கா வீட்டுல மாட்டினது நீங்க. இப்ப விசிறி ஓடலைன்னு சொல்றதும் நீங்க. அக்காவைக் காப்பாத்தப் பேசறீங்கன்னுதானே ஊர் சொல்லும்? நாளைக்கு நானே வர்றேன்."

முப்பது வருஷ வேலை. எத்தனை ஆடு மாட்டின் கழுத்து நரம்பைத் தடவிப் பிடித்த விரல்கள். அவ்வளவையும் அந்த மனிதர் ஒரே வாக்கியத்தில் அக்கா தங்கை விவகாரமாக்கிவிட்டார். அதில் மிகவும் கொதிக்க வைத்தது, அவர் சொன்னதில் பாதி உண்மை என்பதுதான். அக்கா வீட்டில் மாட்டினது அவள்தான்.

பெரிய மனிதர்கள் சொன்ன நேரத்துக்கு வருவதில்லை. மறுநாள் காலையில் வருவதாக இருந்தவர் பொழுது சாயும் நேரத்துக்குத்தான் வந்து சேர்ந்தார். அதுவரை ஊசிக்காரி வாசலில் ஜீப்பிலேயே காத்துக் கிடந்தாள். பின்னாலேயே குழி தோண்டும் வண்டி ஒன்று. கூடவே பூச்சிப் பிரிவு அதிகாரி, இரண்டு பணியாளர்கள். வண்டிச் சத்தம் கேட்டு அக்கம்பக்கத்து ஆட்டுக்காரர்கள் கூடிவிட்டார்கள். சந்தைக் கிடா சமாச்சாரம் அதற்குள் எப்படியோ அவர்கள் காதுக்கும் போயிருந்தது. ஊருக்கே நோயைக் கொண்டுவந்துவிட்டாயே என்று அத்தானிடம் ஒருவர் முகத்துக்கு நேரே கேட்டார். அத்தான் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அந்தக் காட்சியைப் பார்த்ததும் ஊசிக்காரிக்குப் பொறுமை போய்விட்டது.

கொட்டகைக்குள் போனாள். உத்தரத்திலிருந்து பொறியை அவிழ்த்தாள். டிராக்டர் பேட்டரியை டிரைவர் தூக்கிக்கொண்டார். ஆடுகளுக்கு எட்டாத தூரத்தில், வாய்க்கால் கரையில் ஒரு கம்பத்தில் அதை மாட்டினாள். எல்லோரும் வேடிக்கை பார்த்துக்கொண்டு பின்னாலேயே வந்தார்கள்.

"சார், நான் அக்காவுக்காகப் பேசறேன்னு சொன்னீங்க. நான் பேசல. நீங்க இந்த விளக்குக்குக் கீழ கொஞ்ச நேரம் நில்லுங்க. உங்க கணக்குப்படி இங்கதான் கொசுவே இல்லையே."

அவர் அரைக்கைச் சட்டை போட்டிருந்தார். இது என்ன குழந்தை விளையாட்டு என்றார். ஆனால் ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. மறுத்தால் மரியாதை போய்விடும் என்று போய் நின்றார்.

பேட்டரியை இணைத்ததும் விளக்கு எரிந்தது. விசிறி சும்மா இருந்தது. முதலில் ஒன்றும் நடக்கவில்லை. இயக்குநர் கையைக் கட்டிக்கொண்டு, பார்த்தீர்களா என்பது போல எல்லோரையும் பார்த்தார். பிறகு பிடரியைத் தட்டினார். முழங்கையைச் சொறிந்தார். காதுமடலைத் தேய்த்தார். இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்தபடி ஒரு காலில் நின்று மறுகாலை உரசினார். அவருடைய வழுக்கைத் தலை மேல் கருந்தூள் இறங்குவது எல்லோருக்கும் தெரிந்தது. யாரோ ஒருவர் சிரிக்க ஆரம்பித்தார். அடுத்த நொடியே அவருக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. தன் ஆட்டை நினைத்திருப்பார்.

"விசிறி நின்னது உங்களுக்குத் தெரியுமா தெரியாதா?" என்று பூச்சிப் பிரிவு அதிகாரியிடம் ஊசிக்காரி கேட்டாள். அவர் இயக்குநரைப் பார்த்தார், ஊர்க்காரர்களைப் பார்த்தார். விசிறி கேட்டு மூன்று தடவை மேலே சொன்னதாகவும், விசிறி வரும்வரை பாட்டிலை மட்டும் எடுத்துக்கொண்டிருங்கள் என்று பதில் வந்ததாகவும் முணுமுணுத்தார். பாட்டில் காலியாக இருந்தால் காலி என்றுதானே எழுத முடியும் என்றார். பாவம், அவருக்கு அதுதான் நேர்மையாகப் பட்டிருக்கிறது. ஊசிக்காரிக்கு அவரை ஓங்கி ஓர் அறை விடலாம் போல இருந்தது.

அத்தானைக் கேள்வி கேட்டவரே இப்போது இயக்குநர் பக்கம் திரும்பினார். "ஆட்டைக் கொன்னா கொசு போயிடுமா சார்? எங்க ஆட்டுக்கு ஊசி எங்க?" அவர் கேட்டதும் மற்றவர்களும் நெருங்கி வந்தார்கள். குழி தோண்டும் வண்டிக்காரர் சொல்லாமலே எஞ்சினை நிறுத்திவிட்டார்.

இயக்குநர் விளக்கை விட்டு விலகி வந்தார். மந்தையை அழிக்க வேண்டாம் என்றார். ஊசியும் அனுப்பலாம் என்றார். ஆனால் தோற்றுப்போகிறவர் கடைசியாக ஒன்றைப் பிடித்துக்கொண்டார். "கிடங்குல ரெண்டு வகை மருந்து இருக்கு. இங்க வந்திருக்கறது எந்த வகை வைரஸ்? அது தெரியாம எதை அனுப்பறது? நோய் வந்தது இந்த ஒரு மந்தைக்குத்தான். உங்க அக்கா ரத்தம் எடுக்க விடமாட்டேங்கறாங்களாமே. ரத்தம் குடுங்க, ஊசி தர்றேன்."

அது மட்டும் நியாயமான பேச்சு. வகை மாறினால் அந்த ஊசியும் வெறும் தண்ணீரும் ஒன்றுதான். ரத்தம் கையில் கிடைத்தால் ஒரே நாளில் வகையைச் சொல்லிவிடுவாள். கூட்டம் முழுவதும் இப்போது அவளைப் பார்த்தது.

கொட்டகைக்குள் அக்கா இடத்தை விட்டு நகரவில்லை. வெளியே நடந்த எதற்கும் அவள் வரவில்லை. நேற்றுப் புகட்டிய அதே சினையாட்டுக்குக் கஞ்சி புகட்டிக்கொண்டிருந்தாள். வயிற்றிலிருந்த குட்டி அன்று மதியம் செத்து விழுந்துவிட்டதாக டிரைவர் மூலம் கேள்விப்பட்டிருந்தாள் ஊசிக்காரி. சாக்கு போட்டு மூடிய ஒரு சின்ன மேடு ஓரத்தில் இருந்தது.

"ஊசி வருதா?" என்றாள் அக்கா, திரும்பாமல்.

வகை, மருந்து, ரத்தம் எல்லாவற்றையும் ஊசிக்காரி சொன்னாள். சொல்லிவிட்டு, "நான் கேக்க வரலக்கா. சொல்லத்தான் வந்தேன்" என்றாள்.

"நம்ம ஆட்டுக்கு அந்த ஊசி ஆகுமா?"

"ஆகாது. நோய் வந்தாச்சு. இனிமே போட்டுப் பிரயோஜனம் இல்ல."

அக்கா ஆடு கடைசி மடக்கு விழுங்கும்வரை பாட்டிலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு அதன் வாயை முந்தானையால் துடைத்தாள். தலையை ஒரு பக்கமாகத் திருப்பித் தன் தொடையோடு அணைத்து, கழுத்து மயிரைக் கட்டைவிரலால் ஒதுக்கி வழி செய்தாள்.

"எடு."

"அக்கா."

"கோபம் உன் மேலதான். மத்த வீட்டு ஆட்டுக்காரங்க மேல எனக்கென்ன? எடு."

ஊசிக்காரி மண்டியிட்டாள். எத்தனையோ ஆயிரம் தடவை பிடித்த நரம்பு, இன்றைக்கு விரலுக்குச் சிக்காமல் வழுக்கியது. இரண்டாவது தடவைதான் ஊசி இறங்கியது. ரத்தம் கருப்பாக வந்து டியூபை நிறைத்தது. அக்கா சுவரைப் பார்த்துக்கொண்டு ஆட்டைப் பிடித்திருந்தாள். அது திமிறவில்லை. திமிறத் தெம்பில்லை. ஊசியை எடுத்ததும் குத்திய இடத்தை அக்கா தன் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டாள், தங்கையின் விரல் அங்கே வருவதற்கு முன்பே.

"இன்னொரு தடவை இந்த வீட்டுக்கு வந்தா வெறுங்கையோட வா" என்றாள். "பெட்டி வேண்டாம், டியூப் வேண்டாம், ஒரு சாமானும் வேண்டாம். அப்படி வர முடிஞ்சா வா. முடியலைன்னா வராத."

அப்படி இந்த வீட்டுக்குக் கடைசியாக எப்போது வந்தோம் என்று ஊசிக்காரி யோசித்துப் பார்த்தாள். நினைவுக்கு வரவில்லை. டியூபை ஐஸ் பெட்டிக்குள் வைத்து மூடினாள். ரத்தம் கெடுவதற்குள் ஆய்வுக்கூடம் போய்ச் சேர வேண்டும். பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள்.